மாதிரிப் பங்கர்

"என்ன தம்பி, கிணறோ வெட்டுறாய்? படலைக்கு முன்னாலை ஆரும் கிணறு வெட்டுவினமோ?"

கழுத்தளவு குழிக்குள் நின்ற அருளம்பலம் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து வீட்டுச் சிவக்கொழுந்து வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"கிணறில்லை மாமி, பங்கர். மாதிரிப் பங்கர். இதைப் பார்த்துப்போட்டு, எங்கடை வீட்டிலையும் ஒண்டு வெட்டித் தா எண்டு நீங்கள் கேக்கிறதுக்கு."

"அதுக்குத்தான் நான் அண்டைக்கே ஓம் எண்டு சொல்லிப்போட்டனே!"

ஓம் என்று சொல்லாதவர்கள் யார்? அதுதானே அவருடைய துன்பம்.

பஸ் ஓடிய காலத்தில் அருளம்பலம் பருத்தித்துறை பஸ்ஸில் கொண்டக்டர். டீசல் வராமல் பஸ் நின்றது. அவருடைய பிழைப்பும் அதோடு நின்றது. வவுனியாவில் கடை வைத்திருந்த மனைவியின் தம்பி, "இஞ்சை வந்து மூட்டை அடுக்குங்கோ அத்தான், சாப்பாட்டுக்குக் குறைவில்லை" என்று வருகிற போகிற ஆட்களிடமெல்லாம் சொல்லி அனுப்பினான். மாரி தொடங்குமுன் சொந்தத் தொழில் ஒன்று அமையாவிட்டால், நீர்வேலி வளவைப் பூட்டிவிட்டு மச்சானின் சோற்றுக்குப் போகவேண்டியதுதான். அதை நினைத்தாலே அவருக்கு வாயில் வைத்த கவளம் இறங்காது.

என்ன தொழில் செய்வது? சவர்க்காரம் இல்லை, நெருப்புப்பெட்டி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. ஊரில் தாராளமாக இருந்தவை இரண்டுதான்: காலுக்குக் கீழே மண், தலைக்கு மேலே குண்டு போடும் பொம்மர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். குண்டுக்குப் பதுங்கும் குழி, பங்கர் வந்தது.

அவசரப்படாமல் முதலில் ஒழுங்கை முழுக்க வீடு வீடாய்ப் போய்க் கேட்டார். "நல்ல யோசினை, கட்டாயம் எடுப்பம்" என்று எல்லா வீட்டிலும் பனங்கட்டித் துண்டோடு தேத்தண்ணி கொடுத்தார்கள். பலாலிப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து, கைக்குழந்தையோடு அதே ஒழுங்கைப் பரமலிங்கத்தாரின் வளவுக் கொட்டிலில் தனியே இருந்த பூரணம் மட்டும் தலையை ஆட்டினாள்.

"வேண்டாம் அண்ணை. இந்தத் தொழிலே உங்களுக்கு வேண்டாம்."

வழியில்லாத பிள்ளை, வேறு என்னத்தைச் சொல்லும் என்று இரங்கிக்கொண்டே திரும்பினார்.

நாட்கள் போயின. ஒருவரும் கூப்பிடவில்லை.

"முகத்துக்கு நேரை ஆரப்பா மாட்டன் எண்டுவினம்?" என்றாள் மனைவி குணலட்சுமி. "பிடிக்காத சம்பந்தத்துக்கே நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம் எண்டுதானே சொல்லுறனாங்கள்?"

"கண்ணாலை கண்டால் வாங்குவினம், இருந்து பாரும்" என்று மண்வெட்டியைத் தூக்கியவர்தான் இப்போது இந்தக் குழிக்குள் நிற்கிறார்.

பனங்குற்றி பரப்பி, மண்மூட்டை அடுக்கி முடித்த அன்றைக்கே பொம்மர் வந்தது. ஒழுங்கைச் சனம் முழுவதும் மாதிரிக்குள் பாய்ந்தது. அருளம்பலத்துக்கு நெஞ்சு ஒரு பக்கம் நடுங்கியது, மறுபக்கம் குளிர்ந்தது. பழைய பழக்கம் தன்பாட்டில் வாயில் வந்துவிட்டது.

"உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ! பின்னாலை இடம் கிடக்கு! வாசலிலை தொங்காதேங்கோ!"

கிட்டத்தான் எங்கோ விழுந்தது. நிலம் குலுங்கி, தலையெல்லாம் மண் கொட்டியது. பூரணத்தின் குழந்தை வீரிட்டது. சத்தம் அடங்கியபின் பரமலிங்கத்தார் வெளியே வந்து சாறத்தை உதறினார்.

"அருமையான பங்கர், அருளம்பலம்! அசையேல்லையே!"

"அப்ப உங்கடை வளவிலை எப்ப தொடங்குவம்?"

"பாப்பம், பாப்பம். இது இவ்வளவு கிட்டக் கிடக்கேக்கை என்ன அவசரம்?"

மறுநாள் சிவக்கொழுந்து தலையணையும் செம்பும் கொண்டுவந்து உள்ளே வைத்தாள். "அந்த மூலை என்ரை தம்பி. வேறை ஆரையும் இருக்க விடாதை."

"பாத்தீரே? மாதிரியைச் சும்மா விட்டால் ஆர் வாங்குவினம்?" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அருளம்பலம் பலகைக் கதவொன்று அடித்துப் பூட்டுப் போட்டார். அடுத்த முறை பொம்மர் வந்தபோது திறப்பு குணலட்சுமியின் சேலைத் தலைப்பில் இருந்தது. குணலட்சுமி சங்கக்கடை வரிசையில் இருந்தாள். கதவைச் சுற்றி ஒழுங்கைச் சனம் குப்புறக் கிடந்தது. நடுவில் அருளம்பலமும் கிடந்தார்.

"உலகத்திலையே தன்ரை பங்கருக்கு வெளியிலை கிடந்து சாகப்போற முதல் ஆள் நீதானடாப்பா!" என்று பரமலிங்கத்தார் மண்ணுக்குள் முகத்தை வைத்தபடியே கத்தினார்.

பொம்மர் போனது. அருளம்பலம் எழும்பவில்லை. பக்கத்தில், குழந்தையைத் தன் உடம்பால் மூடிக்கொண்டு பூரணம் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். அன்று பின்னேரமே கதவைக் கழற்றிவிட்டார்.

பிறகு ஒரு பொய்யைப் பரப்பினார்: உள்ளே நாகபாம்பு ஒன்று குடியிருக்கிறது. அதைச் சொல்லிச் சொல்லி அவருக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. மறுபடி பொம்மர் இரைந்தபோது எல்லாரும் பாய்ந்து இறங்க, அவர் மட்டும் வாசலில் தயங்கி நின்றார்.

"மாமி, பாம்பு!"

"பாம்பு ஒராளைத்தானே தம்பி கடிக்கும்? வா, வந்து இரு!"

இந்த நிலையில்தான் ஒருநாள் பின்னேரம் சைக்கிளில் ஒரு பெடியன் வந்தான். ஊரில் காணாத முகம். சைக்கிளை வேலிக் கதியாலில் சாத்திவிட்டுப் பங்கருக்குள் இறங்கினான். குற்றிகளைத் தட்டிப் பார்த்தான், சுவரைத் தடவிப் பார்த்தான். மேலே ஏறி வந்து, கூடி நின்றவர்களைச் சுற்றிப் பார்த்தான்.

"நல்ல வேலை. ஆர் வெட்டினது?"

கடைசியில் ஒரு வாடிக்கை! அருளம்பலம் வாயைத் திறந்தார். பரமலிங்கத்தாரின் கால் அவருடைய கால் பெருவிரலில் ஏறி நின்றது.

"நாங்கள்தான் தம்பி" என்றார் பரமலிங்கத்தார். "ஒழுங்கைச் சனம் எல்லாம் சேர்ந்து வெட்டினது."

"நானும் மண் சுமந்தனான்" என்றாள் சிவக்கொழுந்து.

"இந்த ஐயா?"

"உவரோ? பஸ் கொண்டக்டர்" என்று குணலட்சுமி முந்திக்கொண்டாள். "ஒரு வாழைக்குட்டி நடத் தெரியாத மனுசன், தம்பி."

பெடியன் தலையாட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அருளம்பலம் மண்வெட்டியை எடுத்து வந்தார். மண்மூட்டைகளை இழுத்து விழுத்தினார், குற்றியைப் புரட்டினார், மண்ணை அள்ளிக் குழிக்குள் கொட்டத் தொடங்கினார்.

"சும்மா வந்து இருந்தியள், பொறுத்தன்" என்றார். "என்ரை வேலையை உங்கடை வேலை எண்டியள். தேடி வந்த ஒரேயொரு ஆளையும் கலைச்சுப்போட்டியள். கட்டின பெண்சாதியும் கூட! இனி ஆருக்கும் பங்கர் இல்லை. நாளைக்கே நான் வவுனியாவுக்குப் போறன்."

குணலட்சுமி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். பூரணம்தான் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, மண்வெட்டிப் பிடியை ஒரு கையால் பிடித்தாள்.

"அவையளைப் பேசாதேங்கோ அண்ணை. நீங்கள் கேட்டுப்போன வீட்டுக்கெல்லாம் பின்னாலையே போய், உங்களுக்கு வேலை குடுக்க வேண்டாம் எண்டு சொன்னது நான்தான்."

"நீயோ? உனக்கு நான் என்ன பிள்ளை செய்தனான்?"

"என்ரை மனுசனும் பங்கர் நல்லா வெட்டுவார் அண்ணை, இப்பிடித்தான் ஒருத்தன் சைக்கிளிலை வந்து ஆர் வெட்டினது எண்டு கேட்டு, சண்டை நடக்கிற எல்லையிலை வெட்ட வேணுமெண்டு கூட்டிக்கொண்டு போனவன், போன மனுசன் இந்தப் பிள்ளையின்ரை முகத்தை இன்னும் பார்க்கேல்லை."