முயல் தீவிலிருந்து ஒரு கல்யாணச் சேதி

முயல் தீவு,
1764 ஜூன், வெள்ளிக்கிழமை.

பாஸ்டன் பட்டணத்தில் சகல சுகத்தோடும் வாழ்ந்துவருகிற மதிப்பிற்குரிய மச்சான் எசேக்கியா அவர்களுக்கு, தங்கள் தங்கை டார்கஸின் புருஷன் ஜேபஸ் பணிவுடன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நான் இங்கே உயிரோடு இருக்கிறேன். தங்களுக்கும், அக்காவுக்கும், தங்கள் இடது முழங்காலுக்கும் அதே கிருபை உண்டாவதாக. காகிதத்தில் ஊறுகாய் வாடை அடித்தால் கலங்க வேண்டாம். இந்தத் தீவிலிருந்து வெளியே போகிற எதையும் வினிகரில் முக்கிக் கந்தகப் புகை காட்டித்தான் படகில் ஏற்றுகிறார்கள். முகர்ந்து பார்க்காமல் படிக்கவும்.

நம் மகள் கெசியாவின் கல்யாணம் இந்த வியாழக்கிழமை என்று தங்களுக்கு முன்பே எழுதியிருந்தேன். மாப்பிள்ளை அப்னர் நல்ல பையன்தான், ஆனால் கப்பல்காரன். முதல் தடவை தேதி வைத்தபோது மீன்பிடிக்கப் போன இடத்தில் பனியில் சிக்கிக்கொண்டான். இரண்டாம் தடவை வெல்லப்பாகு ஏற்ற பார்படாஸுக்குப் போய்விட்டான். என் கடைக்கு மெழுகுவர்த்தி வாங்க வருகிற பெண்பிள்ளைகள் எல்லாம், "என்ன ஜேபஸ், உங்க மாப்பிள்ளை கடலையே கட்டிக்கிட்டாரா?" என்று கேட்டுவிட்டு அரை ராத்தல் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதனால் செவ்வாய்க்கிழமை அவனுடைய கப்பல் கண்ணில் பட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டார்கஸ் சுட்டு வைத்திருந்த கல்யாணக் கேக்கில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, கல்யாணத்துக்கென்றே வாங்கிய புது டோப்பாவைத் தலையில் மாட்டிக்கொண்டு, நானே படகு வலித்துக்கொண்டு புறப்பட்டேன். இந்தத் தடவை ஆளைக் கையோடு பிடித்து வந்துவிடவேண்டும் என்பது என் எண்ணம்.

அங்கே போனால், கப்பலுக்கு நாலு படகு தூரத்தில் நம் துறைமுக டாக்டர் கிரிட்லி நின்றுகொண்டிருக்கிறார். வெளியூர்க் கப்பலில் வருகிறவர்களுக்கு அம்மை கிம்மை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவேண்டியது அவர் வேலை. மனிதர் ஏறிப் பார்க்கவேண்டியதுதானே? பயம்! தன் படகில் நின்றபடியே தூரக்கண்ணாடியில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, மறு கையில் கூவுகுழாயைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த ஆளு! நாக்க நீட்டு! நாக்குய்யா, மூக்கு இல்ல!" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் அதைக் கவனிக்காமல் நூலேணியில் ஏறிவிட்டேன், மச்சான். ஒரு காலைத் தளத்தில் வைத்திருப்பேன். அந்த நேரம் பார்த்துத்தானா கப்பல் சமையல்காரன் டைட்டஸ் வெளிச்சத்துக்கு வரவேண்டும்? முகமெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி. "அம்மை! பெரியம்மை! நோய்க்கொடிய ஏத்துங்க!" என்று டாக்டர் போட்ட சத்தத்தில் அவருடைய படகே ஆடிவிட்டது.

நான் மெதுவாகக் காலை எடுத்துக் கீழே வைக்கப் பார்த்தேன்.

"ஓய் ஜேபஸ்! ஏறினவன் ஏறினவன்தான்! இறங்கப்படாது!"

"டாக்டரே, ஒரு கால்தானே வச்சேன்!"

"அந்தக் காலை மட்டும் கழட்டி விட்டுட்டு வர முடியுமா உன்னால?"

"எனக்குச் சின்ன வயசுலயே அம்மை போட்டிருக்கு. பாருங்க மூஞ்சிய, எத்தனை குழி!"

"வழி தெரிஞ்ச வீட்டுக்குத்தான்யா மறுபடியும் வரும்!" என்றார்.

ஆக, கப்பல் ஆட்களோடு சேர்த்து என்னையும் நோய்க்காரர்களை ஒதுக்கிவைக்கிற இந்தத் தீவுக்குக் கொண்டுவந்து தள்ளிவிட்டார்கள். இங்கே ஒரு கொட்டகை, ஒரு கிணறு, ஒரு காவல்காரன். பெயர்தான் முயல் தீவு, பார்த்ததெல்லாம் கொசுதான். வந்ததும் உடம்பில் உள்ளதையெல்லாம் உருவிக்கொண்டு போய்த் தாரும் கந்தகமும் கொளுத்திய புகைக் குடிசையில் தொங்கவிட்டார்கள். வெள்ளையாகப் போன என் டோப்பா மஞ்சளாகத் திரும்பி வந்தது. தலையில் வைத்தால் நனைந்த கோழிக்குஞ்சு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று மாப்பிள்ளையே சொன்னான். கேக்கையும் விடவில்லை. வினிகர் தெளித்துப் புகை காட்டி மரியாதையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். டைட்டஸ் மட்டும் அதைத் தின்றான். நோயாளி என்பதால் யாரும் அவனைத் தடுக்கவில்லை.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். அவன் எங்கே போனாலும் பின்னாலேயே நானும் போனேன். கிணற்றடிக்குப் போனால் கிணற்றடிக்கு, கரைக்குப் போனால் கரைக்கு. ஒரு கட்டத்தில் நின்று திரும்பி, "மாமா, நான் ஓடிப் போயிடுவேன்னு பாக்குறீங்களா? சுத்திலும் தண்ணி. எங்க ஓடுறது?" என்றான். "உனக்குத்தான் நீந்தத் தெரியுமே!" என்றேன். "தெரியும். நீந்தினா உங்க வீட்டுக் கொல்லைப்பக்கம்தான் போய் ஏறுவேன்" என்றான். பிறகு தன் சட்டையைக் கழற்றி ஒரு கம்பில் கட்டி, நம் ஊரைப் பார்த்து ஆட்ட ஆரம்பித்தான். எதிரே கடல்பாலத்தின் மேல் ஒரு மேசைவிரிப்பு பதிலுக்கு ஆடியது. ஆட்டுவது கெசியா! டார்கஸ் ஆசை ஆசையாகத் தைத்த விரிப்பு அது, ஒரு ஓரம் ஏற்கெனவே கிழிந்திருந்தது. காவல்காரன் ஓடிவந்து, "சட்டைய ஆட்டாதே! காத்துல நோய் போகும்!" என்று பிடுங்கிக்கொண்டான். அப்னர் வெறுங்கையை ஆட்டினான். கை வலித்தால் மறு கையை ஆட்டினான். நான் டோப்பாவைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மச்சான். கந்தகப் புகையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

எப்படியும் வியாழக்கிழமையை விடுவதில்லை என்று கெசியா பிடிவாதம். மூன்றாம் தடவையும் தள்ளிப்போட்டால் தானே ஒரு கப்பலேறிப் போய்விடுவேன் என்றாளாம். கடைசியில் டாக்டரே ஒரு ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார். நானும் மாப்பிள்ளையும் தீவுக் கரையில் நிற்பது. நம் போதகரும் கெசியாவும் டார்கஸும் தள்ளி ஒரு படகில் இருப்பது. யாரும் யார்மேலும் மூச்சுவிடாதபடி நடுவில் டாக்டரின் படகு நிற்பது. ஊரே கடல்பாலத்தில் கூடிவிட்டது. ஆனால் பாருங்கள், நம் போதகரின் குரல் ஞாயிற்றுக்கிழமையே மூன்றாவது பெஞ்சுக்குக் கேட்காது. அன்றைக்குக் காற்று வேறு. அவர் வாய் அசைகிறது, எங்களுக்கு அலைச்சத்தம்தான் கேட்கிறது. "என்ன கேக்குறாரு மாமா?" என்கிறான் மாப்பிள்ளை. "தெரியல, எதுக்கும் ஆமான்னு சொல்லு" என்றேன். அவன் "ஆமா!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அதை அலைச்சத்தம் விழுங்கிவிட்டது. "என்னம்மா சொல்றாரு? முடியாதுங்கிறாரா?" என்று கெசியா கேட்டாளாம். அவள் அழத் தொடங்கியது மட்டும் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

கூவுகுழாயைப் போதகரிடம் கொடுங்கள் என்று டார்கஸ் டாக்டரைக் கேட்டிருக்கிறாள். "என் வாய் வச்சதுல இன்னொருத்தர் வாய் வைக்கிறதா? இது சுகாதார விஷயம்!" என்று சொல்லிவிட்டு, தானே எடுத்துச் சொல்வதாக முன்வந்தார். போதகர் கேட்டதை எங்கள் பக்கம் திரும்பிக் கூவினார். மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டுக்கொண்டு, கெசியா பக்கம் திரும்பி, குழாயை வாயில் வைத்து, கையை நெஞ்சில் வைத்து, "கெசியா! நான் உன்னை என் மனைவியா ஏத்துக்கிறேன்! சாகுற வரைக்கும் உன்னை நேசிப்பேன்!" என்று முழங்கினார். "நானும் உங்கள ஏத்துக்கிறேன்!" என்று கெசியா கத்தினாள்.

கெசியாவுக்குப் பின்னால்தான் கடல்பாலம் இருந்தது. காற்றும் அந்தப் பக்கமே அடித்தது. ஒரு எழுத்து சிந்தாமல் மொத்தமும் அங்கே போய்ச் சேர்ந்தது. அங்கே டாக்டரின் சம்சாரம், நம் டாக்டரம்மா, நின்றுகொண்டிருந்தார்கள். இந்தக் குழாய் ஏற்பாடு பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. உடனே குழாயே இல்லாமல் ஒரு குரல் தீவு வரைக்கும் கேட்டது: "யோவ் கிரிட்லி! இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு நாளாவது அந்த வார்த்தைய சொல்லியிருக்கியாய்யா நீ?"

டாக்டர் குழாயைத் தண்ணீரில் போட்டுவிட்டார். போதகர் அதற்குள் ஆசீர்வாதம் சொல்லி முடித்துவிட்டதாக டார்கஸ் சைகை காட்டினாள். ஆக, கல்யாணம் முடிந்தது.

இன்று காலை டாக்டர் படகிலேயே இருந்தபடி டைட்டஸைப் பார்த்தார். புள்ளி எல்லாம் மறைந்துவிட்டது. கப்பல் மூட்டைப்பூச்சி கடித்ததுதானாம், அம்மை கிடையாதாம். வீட்டில் கொஞ்சம் சமாதானம் செய்துவிட்டுச் சாயங்காலமே வந்து எங்களை விடுவிப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே, மச்சான், வரும் புதன்கிழமை நம் வீட்டில் விருந்து. அக்காவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, தங்கள் பிடிலையும் எடுத்துக்கொண்டு அவசியம் வரவேண்டும். தாய்மாமன் இல்லாமல் கெசியா ஒரு துண்டு கேக் வெட்டமாட்டாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

பெரியவர்களுக்கு என் வணக்கமும், சின்னவர்களுக்கு என் முத்தமும், தங்கள் பசுமாட்டுக்கு என் விசாரிப்பும். கர்த்தர் தங்கள் வீட்டு வாசலையும் அடுப்பையும் காப்பாராக.

இப்படிக்கு, தங்கள் அன்புள்ள
ஜேபஸ் ஹாலோவெல்.

பின்குறிப்பு: வரவேண்டாம். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடவும். டாக்டர் சொன்னபடி வந்தார், ஆனால் படகில் நிற்கவில்லை. முழங்கால் தண்ணீரில் குதித்து ஓடிவந்து எங்கள் கொட்டகைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். டாக்டரம்மா துடுப்போடு கரைக்கு எதிரே படகில் காத்திருக்கிறார்கள். ஏறினவன் ஏறினவன்தான் என்ற சட்டத்தைக் காவல்காரன் இப்போது டாக்டருக்கே படித்துக் காட்டுகிறான். அவருக்கு அதில் பரம திருப்தி. எங்களையாவது விடுங்கள் என்றால், "அம்மை இல்லேன்னு நீங்கல்லாம் போயிட்டா அவ உள்ள வந்துடுவாளே!" என்கிறார். என் மூக்கைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, அம்மைக்குறி தெரிவதாகவும், எல்லோரும் அறுவடை வரைக்கும் இங்கேயே இருந்தாகவேண்டும் என்றும் சொல்லிவிட்டார். இந்தக் கலாட்டாவில் பின்பக்கமாக இன்னொரு படகு வந்ததை யாரும் பார்க்கவில்லை. கெசியா இறங்கி வந்து, முகத்தை நீட்டி, "அப்பா, எனக்கும் புள்ளி வந்திருக்கு, பாருங்க" என்கிறாள். பிறந்ததிலிருந்து இருக்கிற மச்சங்கள், மச்சான்! டாக்டர் உடனே அம்மைதான், சந்தேகமே இல்லை என்று சொல்லிவிட்டார். இப்போது அவளும் மாப்பிள்ளையும் கரையோரம் மட்டிச் சிப்பி பொறுக்குகிறார்கள், சிரிப்புச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. ஆகவே, கல்யாணம் முடிந்தது என்கிற அந்த ஒரு வரியை மட்டும் அடிக்காமல் விடவும்.