மூன்றாவது பொத்தான் உயரம்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக் கிழவன் வணக்கத்தோடு சொல்லி எழுதவைக்கும் கடிதம். இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். இல்லையென்றால் பதிலில் சொல்லுங்கள், அதற்குத் தனியாக வருத்தப்பட்டுக்கொள்கிறேன். எழுத்து எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உங்கள் மகள். அப்பாவைப் பற்றி ஏடாகூடமாக ஏதாவது சொன்னால் பேனாவை மூடிவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஆகவே இதில் மரியாதை கொஞ்சம் தூக்கலாக இருந்தால் அது அவள் கைவேலை.

விஷயம் நம் பேத்தியின் படிப்பு. உங்கள் மகளுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி, இனிமேல் கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது, கைக்குழந்தையாக இருந்த சின்னவனைத் தூக்க ஒரு இடுப்பு வேண்டியிருந்தது. என் மகன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன். என் இடுப்பு கிடங்கில் மூட்டை சுமந்தே தீர்ந்துபோன இடுப்பு. சரி, ஒரு வாரம் நான் பார்த்துக்கறேன் என்று பேத்தி, நம் பெரியவள், பள்ளிக்கூடத்தை நிறுத்தினாள். அந்த ஒரு வாரம் முடியாமல் இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போதே நீங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளையை எங்களோடு அனுப்புங்கள் சம்பந்தி, எங்கள் தெருவிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது என்றீர்கள். எங்கள் வீட்டுப் பிள்ளையைப் படிக்கவைக்க எங்களுக்குத் தெரியும் என்று நான் வெடுக்கென்று சொன்னேன். அன்றைக்கு நீங்கள் நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தீர்கள், மேல்பொத்தானை மாற்றி மாட்டியிருந்தீர்கள். இதெல்லாம் எனக்கு மறக்காது. இப்போது வந்திருக்கிற கேடே அதுதான்.

இந்த வருஷம் அரசாங்கமே, பாதியில் நின்ற பிள்ளைகளையெல்லாம் திரும்பச் சேர்க்கிறோம், சீருடை தருகிறோம், ஷூ தருகிறோம், பை, புத்தகம், பஸ் பாஸ், வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் பகலில் பார்த்துக்கொள்ள இடமும் தருகிறோம் என்று வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார்கள்தான். அவளைக் கூட்டிப்போனால் சின்னவனை யார் தூக்குவது? நான் மட்டும் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பெரிய கூடம், வரிசையாக மேஜைகள், ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு ஆள். முதல் மேஜைதான் சின்னப் பிள்ளைகளுக்கான மேஜை. பகலில் குழந்தையை விட இடம் வேண்டுமா தாத்தா என்று அங்கே இருந்தவர் கேட்டார். என் கௌரவம் என்ன ஆவது? வேண்டாம், எங்கள் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்றேன். யார் என்றார். பேத்தி என்றேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்திருப்பது யாரை என்றார். அவளைத்தான் என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஏதோ இடித்தது. ஆனால் பின்னால் கூட்டம் நெருக்கியதால் அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிட்டேன்.

அடுத்தது அளவெடுக்கும் மேஜை. கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு ஒரு டீச்சரம்மா. பிள்ளை எங்கே என்றார்கள். பிள்ளை எதற்கு, நான் சொல்கிறேன் என்றேன். கிடங்கில் எந்த மூட்டை எந்த மூலையில் கிடக்கிறது என்று ஒரு எழுத்து எழுதாமல் சொன்னவன் நான், எனக்கா அளவு தெரியாது? பாதம், என் ஒரு சாணில் இரண்டு விரல் குறைவு. உயரம், என் பக்கத்தில் நின்றால் சட்டையின் மூன்றாவது பொத்தான். தோள் அகலம் இவ்வளவு என்று கையை விரித்துக் காட்டினேன். எட்டாம் வகுப்பில் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள், பக்கத்தில் யார் உட்கார்ந்தாள் என்பது வரைக்கும் சொன்னேன், அவர்கள் கேட்கவில்லை என்றாலும். என் சட்டையில் டேப்பை வைத்து அளந்து எழுதிக்கொண்டே, தாத்தாவுக்கு என்ன ஞாபகம் பாருங்க என்று டீச்சரம்மா பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னார்கள். சம்பந்தி, அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்து வந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சாமான்கள் போன வாரம் வந்தன. குறை சொல்ல முடியாது, நல்ல துணி, நல்ல ஷூ. பெரியவள் சின்னவனை இறக்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தாள். வெளியே வந்தபோது பாவாடை முட்டிக்கு மேலே நின்றது, சட்டைக் கை முழங்கையைத் தொடவில்லை, ஷூவுக்குள் விரல்கள் போயின, மீதிப் பாதம் வெளியே இருந்தது. நேராக நின்றாள். என் மூன்றாவது பொத்தானில் நிற்க வேண்டிய தலை என் தலைக்கு மேலே இருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதை எப்படிப் பார்க்காமல் விட்டீர்கள் என்று கேட்பீர்கள். உங்கள் மகளும் கேட்டாள். அதையேதான் நானும் வாரம் முழுக்க யோசித்தேன். அவள் நிமிர்ந்து நான் எப்போது பார்த்தேன்? இடுப்பில் அவன் இருப்பான், ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பாள். இல்லையென்றால் பாத்திரத்துக்கு முன்னால் குந்தியிருப்பாள். மூட்டை சுமந்து கூனியவன் நான், பிள்ளை சுமந்து குனிந்தவள் அவள். இரண்டு பேரும் ஒரே மட்டத்தில் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. நான் டீச்சரம்மாவிடம் சொன்ன அளவெல்லாம் சரியான அளவுதான் சம்பந்தி. அவள் பள்ளிக்கூடத்தை விட்ட நாளின் அளவு.

உயரம் உங்கள் பக்கத்துச் சொத்து என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வம்சத்தில் ஒருவரும் அலமாரியின் மேல்தட்டைத் தொட்டதில்லை. கல்யாணத்தன்று எங்கள் வீட்டுக்குள் முதல் அடி வைக்கும்போதே வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டு நின்றீர்கள். ஒட்டடைக் குச்சி வருது, வழி விடுங்க என்று நான்தான் உரக்கச் சொன்னேன். பந்தி முழுக்கச் சிரித்தது. (உங்கள் மகள் பேனாவை மூடிவிட்டாள். மன்னிப்புக் கேட்பதற்காகத்தான் சொல்கிறேன் என்று சத்தியம் செய்த பிறகு திறந்திருக்கிறாள். மன்னிக்கவும்.)

மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் போனேன். டீச்சரம்மா கோபிக்கவில்லை. பிள்ளை நேரில் வரட்டும், போட்டுப் பார்த்து மாற்றித் தருகிறோம் என்றார்கள். வந்து சொன்னால் இவள் வரமாட்டேன் என்கிறாள். பத்தாத துணியை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நிற்க வேண்டுமா என்கிறாள். சரி, ஷூவையாவது பெரிதாக்குவோம் என்று ஈரத்துணியைத் திணித்து மொட்டைமாடியில் வெயிலில் வைத்தேன். ஒன்று நீளவில்லை, மற்றொன்று வாயைப் பிளந்துவிட்டது. தையற்காரரிடம் பாவாடையைக் கொண்டுபோனேன். மடிப்பில் துணியே விடலை பெரியவரே, நான் எதைப் பிரிக்க என்றார். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். நேற்றைக்குப் பெரியவள் எல்லாவற்றையும் மடித்துப் பைக்குள் வைத்து, பையை அலமாரி மேல்தட்டில் ஏற்றிவிட்டு, "விடுங்க தாத்தா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள். முதலில் ஒரு வாரம் என்றவளும் இவள்தான். அந்த மேல்தட்டு எனக்கு எட்டாது.

ஆகவே சம்பந்தி, வராந்தாவில் சொன்ன சொல்லை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உங்கள் சொல் இன்னும் அங்கேயே இருந்தால், ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து பிள்ளையைக் கூட்டிப்போய் உங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள். அவளை நிற்கவைத்து அளவெடுங்கள். யாரையும் ஞாபகத்திலிருந்து சொல்ல விடாதீர்கள். அவள் இல்லாமல் இந்த வீடு எப்படி நடக்கும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். இந்த வரியை எழுதும்போது உங்கள் மகள் மூக்கை உறிஞ்சுகிறாள். கையெழுத்துக்குப் பதில் என் கட்டைவிரல்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு என் ஆசியும். நீங்கள் எனக்கு இரண்டு வயது இளையவர் என்பதால் இரண்டிலும் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் குட்டைச் சம்பந்தி

பின்குறிப்பு: எழுதி முடித்ததும் உங்கள் மகள் கடிதத்தை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். அடுப்படியில் பெரியவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தபாலில் போடச் சொல்லிக் காலையில் அவளிடம் கொடுத்தேன். சின்னவனை என் மடியில் உட்காரவைத்துவிட்டு, அலமாரி மேலிருந்த பையையும் எடுத்துக்கொண்டு போனாள். மத்தியானம் வந்தாள். காலில் சரியான ஷூ, கையில் புதுச் சீருடை, கூடவே இந்தக் கடிதம், போடாமலேயே. வாயைப் பிளந்த ஷூவைப் பார்த்து டீச்சரம்மா சிரித்தார்களாம். முக்கால்வாசித் தாத்தாக்கள் இப்படித்தான் அளவு சொல்கிறார்களாம். முதல் மேஜையிலும் போய்ச் சின்னவனுக்கு இடம் கேட்டிருக்கிறாள். அடுத்த மாதம்தான் காலியாகிறதாம். "அதுவரைக்கும் வீட்ல ஆள் இருக்குன்னு சொல்லிட்டேன், தாத்தா" என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். பிள்ளையை அனுப்ப முடியாது. நீங்கள்தான் வர வேண்டும், ஒரு மாதத்துக்கு, இடுப்போடு. இவனைத் தனி ஆளாக என்னால் சமாளிக்க முடியவில்லை. தபால்தலை வீணாகக்கூடாது என்பதால் கடிதத்தை அப்படியே அனுப்பச் சொல்லிவிட்டேன். பிரித்த உறையை ஒட்டப் பசை வாங்கிவர இப்போதுதான் மறுபடி கிளம்பினாள். இடுப்பில் யாரும் இல்லை, நேராக நடந்தாள். வாசல் நிலையில் நெற்றியை நன்றாக இடித்துக்கொண்டாள். உங்கள் பேத்திதான், சந்தேகமில்லை.