மழைக் கவசத் தேர்வுக் குழுவின் மகத்தான வெற்றி

மழையை வென்றவர்கள் என்று வரலாறு யாரையாவது குறிப்பிட வேண்டுமானால், அந்தப் பார்சல் நிறுவனத்தின் 'இருசக்கர மழைக் கவசத் தேர்வுக் குழு'வைத்தான் குறிப்பிட வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் குடை பிடித்துத் தப்பித்தவர்கள், அவ்வளவுதான்.

குழு பிறந்ததற்குக் காரணம் நாரை. ஆள் நெட்டையாக, ஒல்லியாக இருப்பார். மழை நாட்களில் ஆபீஸ் வாசலில் ஒற்றைக் காலில் நின்று சாக்ஸைப் பிழிவார். அதனால் உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் அது. மோட்டார் சைக்கிளில் ஊரைச் சுற்றிப் பார்சல் கொடுப்பது அவர் வேலை. போன மழைக்காலத்தில் நனைந்து நனைந்து நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தார். "இன்னொரு தடவை இப்படி நனைஞ்சீங்கன்னா நுரையீரல் தாங்காது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த ஆண்டு முதல் மழைக்கே இருமல் வந்துவிட்டது.

சொந்தமாக ஒரு மழைக்கோட்டு வாங்கிப் போட்டுக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நிர்வாகம் தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். சட்டை முதுகில் உள்ள நிறுவனச் சின்னத்தை மறைக்கிற எந்த உடையும் வேலை நேரத்தில் கூடாது என்பது விதி. ஆகவே நாரை மேலாளர் முன்னால் போய்த் தலையைச் சொறிந்தார்.

"சார், சின்னம் போட்ட மழைக்கோட்டா கம்பெனியே கொடுத்துட்டா நல்லா இருக்கும்."

மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "அவசரப்பட்டு எதையோ வாங்கிக் கொடுத்து உங்க உயிரோட விளையாட நான் தயாரா இல்லை. முறைப்படி தேர்ந்தெடுப்போம்."

நாரை வீட்டுக்குப் போய் இதைப் பெருமையாகச் சொன்னார். அவர் மனைவி ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். கணவரின் ஈரச் சட்டையை அப்போதும் தேய்த்துக் காய வைத்துக்கொண்டிருந்தார்.

"கடையில தொங்குது. எடுத்தா ஆச்சு. இதுக்கு எதுக்குங்க குழு?"

"பெரிய இடம். எதையும் யோசிச்சுத்தான் செய்வாங்க."

"அவங்க யோசிச்சு முடிக்கிறவரைக்கும் உங்க நெஞ்சு தாங்கணுமே" என்றார் மனைவி. அறிவியல் மனப்பான்மை இல்லாதவர்.

குழுவில் மேலாளர் இருந்தார், கணக்கு அதிகாரி இருந்தார். இருவரும் காரில் வருகிறவர்கள் என்பதால் நடுநிலை உறுதி செய்யப்பட்டது. வெளியிலிருந்து ஓர் ஆலோசகரும் வரவழைக்கப்பட்டார். அவர் வாழ்நாளில் ஒருமுறைகூட மழையில் நனைந்ததில்லை. இத்துறையில் அதைவிடப் பெரிய தகுதி வேறென்ன வேண்டும்?

கூட்ட அறையில் மாதிரிகள் வந்து குவிந்தன. கோட்டும் கால்சட்டையும் தனித்தனியாக உள்ள வகை, தலை வழியாக மாட்டிக்கொண்டால் காற்றில் கூடாரம்போல் எழும்பும் வகை, மழை நீரை வெளியே விட்டுவிட்டு வியர்வையை உள்ளே சேமிக்கும் வகை. எல்லாம் நேர்மையாகச் சோதிக்கப்பட்டன. மேலாளர் ஒவ்வொன்றாக அணிந்து சுழல் நாற்காலியில் அமர்ந்தார். எதிரே மேஜை விசிறி ஓடியது. கணக்கு அதிகாரி பூந்தொட்டிக்குத் தண்ணீர் தெளிக்கும் பீச்சாங்குப்பியால் மழை பொழிந்தார். வேகம் வேண்டுமென்பதற்காக ஆலோசகர் நாற்காலியைச் சுவர்வரை தள்ளிக்கொண்டு ஓடினார். "ஹாரன் அடிங்க சார், அப்பத்தான் நிஜமா இருக்கும்" என்றார் கணக்கு அதிகாரி. மேலாளர் வாயால் அடித்தார்.

நாரை ஒவ்வொரு கூட்டத்துக்கும் 'கள அனுபவச் சாட்சி'யாக அழைக்கப்பட்டார். சாட்சி புத்தம் புதிதாக இருக்க வேண்டும் என்பதால், மழையில் வண்டியை விட்டு இறங்கியதும் அப்படியே வரச் சொல்வார்கள்.

"மழை எந்தப் பக்கமிருந்து வருது?" என்று கேட்டார் ஆலோசகர்.

"எல்லாப் பக்கமிருந்தும் வருதுங்க. கீழேருந்தும் வருது."

"கீழேருந்தா? மழை மேலேருந்துதானே வரும்!"

"பக்கத்துல லாரி போனா கீழேருந்து அடிக்குதுங்க."

ஆலோசகர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். "அது மழை இல்லை, லாரி. நம்ம வரம்புக்குள்ள வராது."

இப்படி மழைக்காலம் வளர, குழுவின் ஞானமும் வளர்ந்தது. நாரையின் இருமலும் வளர்ந்தது. பேச்சுக்கு நடுவே அவர் இருமினால் மேலாளர் பெருந்தன்மையோடு காத்திருப்பார். அப்படிக் காத்திருந்த ஒரு வேளையில்தான் அவர் தற்செயலாகத் தரையைப் பார்த்தார். கூட்ட அறைக்குப் புதிதாகப் போட்ட கம்பளம். நாரை வழக்கமாக நிற்கும் இடத்தில் அது கறுத்து, உப்பி, ஒரு மாதிரி வாடையோடு இருந்தது.

அறையே அதிர்ந்தது. நாரைக்கு உடம்பு கூசியது. "மன்னிச்சிடுங்க சார், சொட்டிடுச்சு."

ஆலோசகர் எழுந்து நின்றார். மேதைகளுக்கு இப்படித்தான் திடீரென்று பொறி தட்டும். "இத்தனை நாளா நாம இதைத் தலைகீழா பார்த்துட்டோம் சார். இவர் மேல தண்ணி வர்றது பிரச்சினை இல்லை. இவர் மேலேருந்து தண்ணி வர்றதுதான் பிரச்சினை!"

அன்றே தீர்மானம் நிறைவேறியது. இருப்பதிலேயே உயர்ந்த கோட்டு வாங்கப்பட்டது. தையல் ஓட்டைகள் அடைக்கப்பட்டன. மணிக்கட்டில் இறுக்கம், கழுத்துவரை மூடும் பட்டை, முதுகில் பளபளவென்று நிறுவனச் சின்னம். ஆபீஸ் வாசலில் ஒரு கொக்கியில் அது மாட்டப்பட்டது. நனைந்து வருகிற ஓட்டுநர்கள் ஒருவர் பின் ஒருவராக, ஈரத் துணிமேல் அதை அணிந்து, பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு உள்ளே வர வேண்டும். ஒரு சொட்டு வெளியே வராது. உள்ளே ஈரமும் வெளியே உலர்வுமான மழைக்கோட்டை உலகம் அதுவரை கண்டதில்லை.

நாரை ஒருநாள் துணிந்து கேட்டார். "சார், வண்டி ஓட்டும்போது இதைப் போட்டுக்கலாமா?"

"மழையிலயா?"

"ஆமாங்க."

மேலாளர் முகம் வாடிவிட்டது. "இவ்வளவு நல்ல கோட்டையா?"

அந்த வாரமே நாரை காய்ச்சலில் விழுந்தார். விஷயத்தைச் சொல்ல அவர் மனைவி கொட்டும் மழையில் ஆபீஸுக்கு வந்தார். வாசலில் காவலாளி கோட்டை நீட்டினார். "போட்டுக்கிட்டு உள்ள போங்கம்மா. கம்பளம் இருக்கு."

அவர் போட்டுக்கொண்டார். உள்ளே போய், "அவருக்கு உடம்பு நெருப்பா கொதிக்குது, எழுந்திருக்க முடியலை" என்றார். மேலாளர் வருத்தப்பட்டு, சாட்சி இல்லாமல் அடுத்த கூட்டம் எப்படி நடக்கும் என்று கேட்டார். நாரையின் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி நடந்து, கோட்டோடு அப்படியே படியிறங்கினார்.

"அம்மா! அதோட வெளிய போகாதீங்க! நனைஞ்சிடும்!" என்று கத்தினார் காவலாளி.

கோட்டை மீட்க ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. ஆகவே கோட்டு பத்திரமாக நாரையின் வீட்டிலேயே இருந்தது.

மனைவி கஞ்சியும் மருந்துமாகப் பார்த்துக்கொண்டதில் காய்ச்சல் விட்டது. இருமலும் அடங்கியது. மறுபடி வேலைக்குக் கிளம்பிய அன்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. "போட்டுக்கிட்டுப் போங்க. அவங்க சின்னம்தானே முதுகுல இருக்கு, யார் என்ன கேட்பாங்க?" என்று மனைவியே பொத்தான் போட்டு அனுப்பினார். தோளில் மழை தடதடவென்று அடித்தது, உள்ளே வரவில்லை. லாரி வாரி இறைத்தது, அதுவும் உள்ளே வரவில்லை. நாரைக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது. பார்சல் எல்லாவற்றையும் கொடுத்து முடித்து, ஆபீஸ் வாசலில் கோட்டைக் கழற்றி உதறி மாட்டிவிட்டு, பல ஆண்டுகளில் முதல்முறையாக உலர்ந்த மனிதராக உள்ளே நுழைந்தார்.

மேலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சட்டைக் கையைப் பிடித்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இன்னைக்கு வேலைக்குப் போகலையா?"

"போயிட்டுத்தான் வர்றேன் சார். எல்லாப் பார்சலும் கொடுத்தாச்சு."

"இந்த மழையிலயா? ஒரு சொட்டு ஈரம் இல்லையே!"

"கோட்டு போட்டிருந்தேன் சார்."

"கோட்டு உள்ள வர்றதுக்குத்தானே?"

ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். அவர் சுருக்கமாகக் கேட்டார். "மழையில நனையாம வேலை செய்ய முடியும்னா, இத்தனை கூட்டம் நாங்க எதுக்குப் போட்டோம்?"

ஆனாலும் நிர்வாகம் நியாயமானது. அவருக்குக் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தது.

"சரி. எங்க, இருமுங்க பார்ப்போம்" என்றார் மேலாளர்.

நாரை மூச்சை இழுத்துப் பிடித்து, நெஞ்சில் கை வைத்து, மனதார முயன்றார்.

"வரலை சார்."

வேலைக்கே போகாமல் ஏமாற்றிய குற்றம் ஐயமின்றி நிரூபணமாகி, அன்றே அவர் நீக்கப்பட்டார். மற்ற ஓட்டுநர்கள் எல்லோரும் நேர்மையாக இருமிக்கொண்டிருக்கிறார்கள்.