நீல வாளி மாப்பிள்ளை

தவசி வாசலில் வந்து நின்றபோது அவன் கையில் புத்தம் புதிய நீல நிற பிளாஸ்டிக் வாளி ஒன்று இருந்தது.

உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்த சுருளியம்மாளின் கை அப்படியே நின்றுவிட்டது.

எழுபத்தாறாம் வருஷம் அது. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, கொஞ்சம் பணமும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்த காலம். போடி கடைத்தெருவில் புது வாளியோடு ஓர் ஆம்பளை நடந்து வந்தால் யாரும் அவனை ஒன்றும் கேட்கமாட்டார்கள். பேசாமல் ஒதுங்கி வழி விடுவார்கள்.

"ஏதுடா வாளி?"

"ட்ரெய்னிங்ல குடுத்தாக ஆத்தா."

"வாளி எதுக்குடா குடுக்குறாக?"

"தண்ணி பிடிக்கத்தான். வாளிய வேற என்னத்துக்குக் குடுப்பாக?"

சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான். அந்த நடையைப் பார்த்ததும் அவள் அடுப்பை விட்டு எழுந்தாள். காலை அகட்டி அகட்டி, தலையில் மூட்டை இல்லாமலே மூட்டை சுமக்கிறவன் மாதிரி நடந்தான்.

"காலுக்கு என்னடா?"

"இந்தப் பேண்ட்டுதான் ஆத்தா. எல்லாருக்கும் ஒரே அளவா தச்சுக் குடுத்துட்டாக. தொடையக் கவ்வுது."

சுருளியம்மாள் நம்பவில்லை. அவள் எதையும் சட்டென்று நம்புகிற பிறவி இல்லை. ஏலக்காய் மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் காய் பொறுக்குகிற வேலை அவளுக்கு. மற்றப் பெண்கள் காயைப் பார்த்ததும் தரம் பிரித்துத் தள்ளுவார்கள். இவள் ஒவ்வொரு காயையும் முன்னும் பின்னும் புரட்டி, அது தன்னை ஏமாற்றவில்லை என்று தெரிந்த பிறகுதான் முறத்தில் போடுவாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றைப் பிள்ளையை வளர்த்ததும் அப்படிப் புரட்டிப் பார்த்துத்தான்.

அந்த ட்ரெய்னிங் மேலும் அவளுக்கு முதலிலிருந்தே ஒரு கண் இருந்தது. இரும்புக்கடை ஜேசுதாஸ் முதலாளி பழைய கிட்டங்கி ஒன்றைப் பிடித்து, படிப்பை விட்டுவிட்டு மூட்டை தூக்கித் திரிகிற பையன்களைச் சேர்த்து, குழாய் மாட்டுகிற வேலை சொல்லிக் கொடுக்கிறார். காசு கிடையாது. மத்தியானச் சோறு வேறு. இந்தக் காலத்தில் எவன் சோறும் போட்டுத் தொழிலும் சொல்லித் தருவான்?

சேரப் போன அன்றைக்கு அவர்கள் கேட்ட முதல் கேள்வியே "கல்யாணம் ஆயிருச்சா?" என்பதுதானாம். ஒரு டாக்டர் வந்து நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தாராம். இப்போது வாளி.

அவளுக்குப் பிள்ளை நினைப்பைவிடப் பேரப்பிள்ளை நினைப்புதான் முதலில் வந்தது. பக்கத்து ஊர் சிலமலையில் இருக்கிற வெள்ளைத்துரை மகள் அன்னக்கொடியைத் தவசிக்குக் கேட்டிருந்தாள். வெள்ளைத்துரைக்குச் சம்மதம். பெண்தான் பிடி கொடுக்கவில்லை. வந்த மாப்பிள்ளை அத்தனை பேரையும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் இந்தச் சேதி சிலமலைக்குப் போனால்?

யாரிடமும் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு முனியாயியிடம் மட்டும் போய், "மதினி, ஒடம்புல கத்தி பட்டவனுக்கு என்ன குடுக்கலாம்?" என்று கேட்டாள்.

"யாருக்கு?"

"சும்மா கேட்டேன்."

"நாட்டுக்கோழி சாறு குடு. மிளகு தட்டிப் போடு."

மறுநாள் சுருளியம்மாள் வீட்டில் கோழி கொதித்தது. தீபாவளிக்கே கருவாட்டோடு முடித்துக்கொள்கிற வீடு அது. வாசம் தெரு முழுக்கப் போனது. வாசத்தின் பின்னாலேயே முனியாயியும் வந்தாள். மூலையில் வைக்கோலுக்குள் ஒளித்து வைத்திருந்த வாளியின் பிடி மட்டும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

முனியாயி வாளியைப் பார்த்தாள். திண்டில் காலை அகட்டி உட்கார்ந்து கோழி எலும்பு கடிக்கிற தவசியைப் பார்த்தாள். வாயில் கை வைத்தாள்.

"அடி ஆத்தீ! கன்னி கழியாத பையனுக்கா?"

சுருளியம்மாள் பதறிப்போய் வாளியை மறைத்துக்கொண்டு நின்றாள். மகனைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

"வாளி அவனுது இல்ல மதினி. என்னுது!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. முனியாயி வாயிலிருந்து கையை எடுக்காமலே திரும்பிப் போனாள். புருஷன் செத்துப் பல வருஷமான பொம்பளை, குடும்பக் கட்டுப்பாட்டு வாளி தன்னுடையது என்கிறாள்.

பொழுது சாய்வதற்குள், ஆத்தாளுக்கு ஒரு வாளி மகனுக்கு ஒரு வாளி என்று தெருவே பேசியது. கிட்டங்கியில் மேஸ்திரி அவளைப் பார்த்து, "குனிஞ்சு நிமிராதம்மா, மெதுவா பாரு சோலிய" என்று அக்கறையாகச் சொன்னார். சுற்றியிருந்த பெண்கள் முறத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

"எல்லாம் ஒன்னால ஆத்தா!" என்று கத்தினான் தவசி. "நான் எத்தன தடவ சொல்றேன், எனக்கு ஒண்ணும் பண்ணலன்னு!"

"பண்ணுனவன் எவன்டா ஒத்துக்கிருவான்?"

அந்த வாரக் கடைசியில் வெள்ளைத்துரை வாசலில் வந்து நின்றார். சுருளியம்மாள், தட்டை மாற்றுவதற்கு முன்னாலேயே முடிந்தது என்று நினைத்தாள்.

"தங்கச்சி, புள்ள சம்மதிச்சுட்டா" என்றார் அவர். "ஆவணியிலயே கல்யாணத்த வச்சிருவோம். வெரசா முடிச்சா நல்லது."

"வேணாம் வேணாம்னு இருந்தவ, இப்ப எப்படிண்ணே?"

"தெரியல தங்கச்சி. ஏலக்காய்ச் சந்தைப் பக்கம் போயிட்டு வந்தா. வந்ததும் வராததுமா, 'கட்டுனா போடி மாப்ளயத்தான் கட்டுவேன்'னு நிக்கிறா."

"சந்தையில... எங்களப் பத்தி எதுவும் பேசிக்கிட்டாகளா?"

வெள்ளைத்துரையின் பார்வை ஒரு தடவை வாளிப் பக்கம் போய்த் திரும்பியது. "ஊரு ஆயிரம் பேசும். நமக்கு என்ன?" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ்சுக்குக் கிளம்பிவிட்டார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்ததே என்று வேறு யாராவது சந்தோஷப்பட்டிருப்பார்கள். சுருளியம்மாள் அந்தப் பழத்தையும் புரட்டிப் பார்த்தாள். சேதி தெரிந்த பிறகும் ஒருத்தர் பெண் கொடுக்கிறார் என்றால், பெண்ணிடம் என்ன கோளாறு? வெரசா முடிக்க வேண்டுமாம். எதை மறைக்க இந்த வெரசு?

அன்றைக்குத் தவசிக்குப் பொறுமை போய்விட்டது. அவள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஜேசுதாஸின் பழைய கிட்டங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

உள்ளே கட்டிலும் இல்லை, கத்தியும் இல்லை. இரும்புக் குழாய்கள் கிடந்தன. ஒருவன் குழாய் முனையில் திருகுமரை போட்டுக்கொண்டிருந்தான். ஒருவன் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் குழாய் மூட்டு முறுக்கினான். ஒவ்வொரு மூட்டுக்குக் கீழேயும் ஒரு நீல வாளி.

"ஒழுகுதான்னு பாக்கத்தான் வாளி" என்றார் ஜேசுதாஸ். "வேலைக்குப் போகும்போது சாமானும் அதுலதான் போட்டுக்கிட்டுப் போகணும். பையில போட்டா எண்ணெய்க் கறை."

"கல்யாணம் ஆச்சான்னு எதுக்குக் கேட்டீக மொதலாளி?"

"ஆனவன் பாதியில நின்னுக்கிருவான். பொண்டாட்டி கூலி எங்கன்னு கேப்பா."

"அந்த டாக்டரு?"

"குழாய் தூக்குற தெம்பு இருக்கான்னு பாக்க வேணாமா? கிறுகிறுத்து விழுந்தா யாரு பதில் சொல்றது?"

அவளுக்கு மனசு இன்னும் முழுதாக ஆறவில்லை. "அதெல்லாம் சரி. ஆனா சும்மா எதுக்குச் சொல்லித் தர்றீக? ஒங்களுக்கு இதுல என்ன?"

ஜேசுதாஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "போடியில வீட்டுக்கு வீடு குழாய் கேக்குறாக. என் கடையில குழாய் மலையாட்டம் கெடக்கு. மாட்ட ஆளு இல்லாம எவன் வாங்குவான்? இவனுக மாட்டுனாத்தான் நான் விக்க முடியும்."

சுருளியம்மாள் முகம் அப்போதுதான் மலர்ந்தது. தர்மம் என்று சொல்லியிருந்தால் கடைசி வரைக்கும் நம்பியிருக்கமாட்டாள். லாபம் இருக்கிறது என்றதும் நெஞ்சு நிறைந்துவிட்டது.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன மொதலாளி?" என்றாள்.

மகனை அவள் புதிதாகப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் கிரீஸ் பூசியிருந்தது. மூட்டை தூக்கித் தூக்கித் தேய்ந்த தோளுக்கு இனி ஒரு தொழில் இருக்கிறது. இந்தப் பிள்ளையைப் போயா சந்தேகப்பட்டேன் என்று கண் கலங்கியது.

அதற்கு மேல் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. பொய்ப் பேச்சை முதுகில் சுமந்துகொண்டு பரிசம் போடுவதா? ஜேசுதாஸையும் தவசியையும் வாளியையும் ஏற்றிக்கொண்டு சிலமலை பஸ்சில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் பேண்ட்டுக்குள் நெளிந்துகொண்டே வந்தான் மாப்பிள்ளை.

வெள்ளைத்துரை வீட்டு முன்னால் அடிகுழாய் ஒன்று ரொம்ப நாளாகக் காற்று மட்டும் விட்டுக்கொண்டிருந்தது. தவசி அதைக் கழற்றினான். தோல் வாஷரை மாற்றினான். மறுபடியும் மாட்டி இரண்டு அடி அடித்தான். முதலில் இருமல் மாதிரி ஒரு சத்தம். பிறகு செம்மண் கலந்து கொஞ்சம். அதன் பிறகு பளபளவென்று தண்ணீர் நீல வாளியில் கொட்டியது.

தெருவே கூடிவிட்டது. சுருளியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நல்லாப் பாத்துக்கங்க. இது தொழில் வாளி! எம் மகனுக்கு ஒரு ஆபரேஷனும் கெடையாது!"

"நான் வேதத்து மேல கை வச்சுச் சொல்றேன்" என்றார் ஜேசுதாஸ். "பையன் மேல ஒரு கீறல்கூடக் கெடையாது."

வெள்ளைத்துரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்பத்தான் தங்கச்சி எனக்கு உசுரு வந்துச்சு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். தவசியின் தோளைத் தட்டி, "மாப்ள, இனிமே நம்ம தெருக் குழாய் பூராம் ஒங்க பொறுப்புதான்" என்றார். சுருளியம்மாள் சந்தோஷத்தில் வெற்றிலையை எடுக்க மடியில் கை விட்டாள்.

அப்போதுதான் அன்னக்கொடி வெளியே வந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை, முதுகில் தொற்றிக்கொண்டு ஒரு பிள்ளை, பாவாடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு. எல்லாம் அவளுக்கு அடுத்தடுத்துப் பிறந்த தம்பி தங்கச்சிகள். பின்னால் நிலைப்படியில் அவள் ஆத்தா நிறைமாத வயிற்றோடு நின்றாள்.

அன்னக்கொடி ததும்புகிற வாளியைப் பார்த்தாள். தவசியை ஏற இறங்கப் பார்த்தாள். இடுப்புப் பிள்ளையைத் தூக்கிச் சரிசெய்துகொண்டு ஒரு பெருமூச்சு விட்டாள்.

"போங்கத்தே! அந்த ஆபரேஷன் சேதியக் கேட்டுத்தானே இவரக் கட்டிக்கிறேன்னே சொன்னேன்!"