வால்நட்சத்திரத்தின் எடை

மருந்துக்கடைக்காரர் அனுப்பிய வால்நட்சத்திரம் மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. 'ஃபைல் மிகப் பெரியது' என்றது வானாய்வு நிலையத்தின் மெயில்.

விடியற்காலையில் மொட்டை மாடியில் எடுத்த படம். வானத்தில் மங்கலாக ஓர் ஒளித்திட்டு. அதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துக்கொண்டே இருந்தது. அதைச் சுற்றி வட்டம் போட்டு, நான்கு பக்கம் விளக்கமும் எழுதிச் சேர்த்திருந்தார். கடையைக்கூட இன்னும் திறக்கவில்லை.

"இதுவும் வால்நட்சத்திரம் இல்லைன்னு சொல்லிட்டாங்கன்னா கேமரா பரணுக்குப் போயிடணும். நீங்க குடுத்த வாக்கு" என்றாள் மனைவி.

"முதல்ல போய்ச் சேரட்டும்மா. வேற எவனாவது முந்திக்கிட்டா அவன் பேரை வெச்சிடுவாங்க."

எழுத்துதான் அதிகமோ என்று நான்கு பக்கத்தை நான்கு வரியாக்கினார். ஃபைல் இம்மியும் இளைக்கவில்லை. அசந்துபோனார். அத்தனை வியப்பையும் கொட்டி எழுதினாரே, அதற்கு எடையே கிடையாதா!

படத்தின் மூலையைப் பிடித்து இழுத்துத் தபால்தலை அளவாக்கினார். அப்போதும் அதே எடை.

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுங்கறது இதானா!" என்று வாய்பிளந்தபடி மறுபடி பெரிதாக்கினார்.

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். "ஐயய்யோ! ஓரத்துல துணிக்கொடி தெரியுதுங்க. உங்க ஓட்டை பனியன் தொங்குது! படிச்சவங்க பார்க்கிற படத்துல இதுவா? வெட்டுங்க."

வெட்டினார். பாதிப் படம் போய்விட்டது, எடை போகவில்லை. கறுப்பு வெள்ளையில் இளைக்கும் என்று படத்தின் கறுப்பு வெள்ளைப் பிரதி ஒன்றைப் பக்கத்தில் ஒட்டினார். ஃபைல் இரண்டு மடங்கு கொழுத்தது. பயந்துபோய் அதைத் தூக்கிவிட்டு, வானாய்வு நிலையத்துக்கே போன் போட்டார். அங்கே உதவியாளராக இருந்த ஒரு பெண் எடுத்தாள். வெட்டியும் ஃபைல் இளைக்காத கதையைச் சொன்னார்.

"சார், வெட்டின பாகம் எங்கயும் போகாது. உள்ளேயே மறைஞ்சிருக்கும். படத்தைச் சுருக்கற இடத்துல 'வெட்டிய பகுதியை நீக்கு'ன்னு இருக்கும், அதை அமுக்குங்க."

"உள்ளேயே இருக்குமா!"

கண்ணுக்குத் தெரியாத பனியனுக்கு இத்தனை கனமா! பிரமிப்போடு தேடினார். மாத்திரை அட்டையின் பொடி எழுத்தையெல்லாம் படிக்கிற கண்ணுக்கு அந்த இடம் மட்டும் சிக்கவே இல்லை.

"கிடைக்கலையேம்மா."

"சரி விடுங்க சார். பெரிய ஃபைலுக்குன்னு வேற முகவரி இருக்கு, தரேன்."

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி பரணில் இடம் ஒழிக்க ஆரம்பித்திருந்தாள்.

சாயங்காலம் போன் அடித்தது. அதே பெண்தான்.

"சார், நீங்க வட்டம் போட்ட இடத்துல இருக்கறது லென்ஸ்ல பட்ட கைரேகை. வரி வரியாத் தெரியுது."

"சரிம்மா" என்றார். மனைவி அவர் தோளில் கை வைத்தாள்.

"வெச்சிடாதீங்க சார்!" அந்தப் பெண்ணின் குரல் நடுங்கியது. "கைரேகைதானான்னு உறுதி பண்ண, வெட்டின பாகத்தையும் விரிச்சுப் பார்த்தேன். இப்ப எங்க விஞ்ஞானிங்க எல்லாரும் என் மேசையைச் சுத்தித்தான் நிக்கறாங்க. உங்க பனியனுக்கு மேல வானத்துல வாலோட ஒண்ணு இருக்கு சார்... இதுவரைக்கும் அதை இந்த உலகத்துல யாருமே பார்த்ததில்ல!"