முருகனின் மயிலுக்கு நான் போட்ட புகை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் மலையூரான கூக்காலில் நான் செய்தவற்றைக் கேளுங்கள். பாறையை உடைத்துப் பூண்டுக் காடு போட்டேன். பஸ் எட்டிப் பார்க்காத காலத்தில் சொந்த ஜீப் வாங்கினேன். ஊரிலேயே பெரிய புகைக்கொட்டகை கட்டினேன். (பூண்டைப் பரணில் பரப்பி, கீழே விறகுப் புகை போட்டால் பூச்சி அண்டாது. இது எங்கள் மலையில் எல்லாருக்கும் தெரியும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.) இப்படிப்பட்ட மனிதனை ஊர் எதற்காக நினைவில் வைத்திருக்கிறது? ஒரு மர மயிலுக்காக.

எங்கள் முருகன் கோயில் மயில்வாகனம் யாரோ கையால் செதுக்கியது. நீலமும் பச்சையுமாக வர்ணம் பூசியிருந்தும் இறகுக்கு இறகு உளி நடந்த தடம் தெரியும். கழுத்தைச் சாய்த்து, ‘என்னப்பா, சௌக்கியமா?’ என்று கேட்பதுபோல் பார்க்கும். சின்ன வயதில் நான் திருவிழாவுக்குப் போனதே அதற்குப் பதில் சொல்லத்தான்.

ஒரு பங்குனியில் அதன் காலடியில் மரத்தூள் கொட்டிக் கிடந்தது. அப்போது பூசாரி என் மனைவி செல்லத்தின் அண்ணன்.

“வண்டு குடைஞ்சிருச்சு மாப்ள. காலு ஒடிஞ்சா இந்த வருசம் சாமி வெளிய வராது” என்றார். கண் கலங்கியிருந்தது.

“பூச்சிதான மச்சான்? எங்கிட்ட விடுங்க. வெரசா முடிச்சுத் தாரேன்.”

மயிலைப் போர்வையில் சுற்றி ஜீப்பில் கொண்டுவந்து, பரணில் பூண்டுக்கு நடுவே உட்காரவைத்தேன். பூண்டுக்குப் போடும் அளவோடு நிறுத்தினேனா? சாமி காரியமாயிற்றே என்று ஈர விறகை இன்னும் தள்ளினேன்.

திருவிழாவன்று விடியுமுன் இருட்டிலேயே மயிலை இறக்கி, மறுபடி போர்வை சுற்றிக் கொண்டுபோனேன். காலையில் கோயிலில் வைத்துப் போர்வையை விலக்கினோம். நீலம் இல்லை, பச்சை இல்லை. கரிச்சட்டி நிறத்தில் ஒரு பறவை.

“ஏன் மாப்ள, முருகனுக்கு மயிலக் கேட்டா சனீஸ்வரனுக்குக் காக்கா செஞ்சு வச்சிருக்கீங்க?”

“நெறத்த விடுங்க மச்சான். தட்டிப் பாருங்க, தூளு விழுதா?”

“தூளு விழல. வாசம் ஆளத் தள்ளுதே! சாமி படையல்ல பூண்டு சேக்க மாட்டோம். நீங்க சாமி வாகனத்தையே பூண்டுல சேத்துட்டீங்களே!”

சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். சந்தனம் அப்பினேன். பவுடர் டப்பாவையே கவிழ்த்தேன். பூண்டு அசையவில்லை. வெளியே மேளம் தொடங்கிவிட்டது. மச்சான் மயிலின் கால்களை அழுத்திப் பார்த்தார். உறுதியாக நின்றது.

“வேற வழி கெடையாது. தூக்குங்க” என்றார்.

கற்பூரச் சூடு பட்டதும் வாசம் எழுந்தது பாருங்கள்! ஆரத்தித் தட்டோடு நின்ற கிழவி ஒருத்தி, “இந்நேரம் எந்த வீட்டுல ரசம் கொதிக்குது?” என்றாள்.

செல்லம் ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: “ரசமில்ல அத்தை. எங்க வீட்டுக்காரரு சாமியத் தாளிச்சுட்டாரு!”

சப்பரம் தூக்கியவர்கள் சிரித்த சிரிப்பில் முருகனே குலுங்கினார். இன்றும் எங்கள் வீட்டில் கடுகு வெடித்தால் பேரப்பிள்ளைகள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.

வாசம் எப்போதோ போய்விட்டது. வண்டு திரும்பவில்லை. மயிலை நீலமாகப் பார்த்தவர்கள் ஊரில் கொஞ்சம் பேர்தான் மிச்சம், மச்சானும் போய்விட்டார். கறுப்பு மட்டும் போகவில்லை. சுற்றுலா வருகிறவர்கள் அதைப் போட்டி போட்டுப் படம் எடுக்கிறார்கள். ‘தலைமுறை தலைமுறையாகத் தீபப் புகை ஏறிய நிறம்’ என்று கோயில் கமிட்டி பலகை மாட்டியிருக்கிறது.

தீபமாவது, தலைமுறையாவது! விறகு என்னுடையது, கொட்டகை என்னுடையது, வசவு வாங்கியதும் நான்தான். கமிட்டிக்காரர்களே, பலகையில் என் பெயரைப் போடுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தாகப் போடுங்கள். கண்ணாடி போட்டும் எனக்குச் சரியாகத் தெரிவதில்லை.