கோட்டு நானா சொன்ன ‘நான்’

உக்குவளையில் ‘நான்’ என்ற சொல்லை ஆயுளில் அதிகம் சொன்னவரும், அதைக் கொண்டு தன்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாதவரும் ஒரே ஆள்தான். அவர் கோட்டு நானா.

பெயரைக் கேட்டுவிட்டுக் கோட்டும் சூட்டும் போட்ட ஆள் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் கோடு என்றால் நீதிமன்றம், நானா என்றால் முஸ்லிம் அண்ணன். அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சி தமிழில் சொன்னால் சிங்களத்தில் சொல்வார், சிங்களத்தில் சொன்னால் தமிழில். சாட்சி ‘நான்’ என்றால் தானும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும், ‘அவர் சொல்கிறார்’ என்று ஒதுங்கி நிற்கக் கூடாது என்பது அவர் கற்ற முறை. அப்படியே, ‘கோழியைத் திருடியது நான்தான்’ என்றும், ‘என் புருஷன் என்னை விறகால் அடித்தான்’ என்றும் முகம் மாறாமல் சொல்லிச் சம்பளம் வாங்கியவர். வேலைக்குத்தான் ஓய்வு கிடைத்தது, பழக்கத்துக்குக் கிடைக்கவில்லை.

நான் அவரைக் கண்டது ஒரு சாப்பாட்டுக் கடையில். ரயில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் கிராம்பு உலர்த்தி வைத்த ஒரு பழைய ஸ்டோர் இருக்கிறது. பக்கத்து ஹார்ட்வெயார் கடை முதலாளிக்குச் சொந்தமானது. எங்கள் ஊர்ப் பெண்கள் சங்கம் அதை வாடகைக்கு எடுத்துச் சனிக்கிழமை பகலில் ஆப்பிரிக்கச் சாப்பாடு போடுகிறது. சோமாலியாவிலிருந்து அகதிகளாக வந்து, வேறு ஏதாவது நாடு கூப்பிடாதா என்று காத்திருக்கும் மூன்று பெண்கள்தான் சமைக்கிறார்கள். அதில் மூத்தவள் சஃபியா, இரண்டு பிள்ளைகளோடு வந்தவள். செலவு போக மிஞ்சுவது அவர்களுக்கு. வேறு வருமானம் அவர்களுக்குக் கிடையாது.

சங்கத் தலைவி மல்லிகா அக்கா நான் வளர்ந்த தேயிலைத் தோட்டத்து ஆள். குவைத்தில் பல வருஷம் வீட்டுவேலை செய்து திரும்பியதால் அரபு தண்ணீர்பட்ட பாடு. சஃபியாவும் யெமனில் இருந்தவள், அரபு தெரியும். ஆகவே இரண்டு பேரும் பேசிக்கொண்டால் காரியம் முடிந்தது. கோட்டு நானா விட்டால்தானே.

“தலைவி இதுல ஒரு கட்சிக்காரி. கட்சிக்காரி மொழிபெயர்த்தா செல்லாது,” என்று சொல்லி, கேட்காமலே அந்தப் பதவியில் அமர்ந்துவிட்டார். அவருடைய அரபு சின்ன வயதில் மத்ரசாவில் கிதாபு, அதாவது மார்க்கப் புத்தகம், ஓதிக் கற்றது.

“கிதாபு வாசிக்கிற மாதிரி பேசுறாருங்க,” என்று மல்லிகா அக்கா என்னிடம் முறையிட்டார். “தேங்கா எங்கன்னு கேக்கணும். அதுக்கு, ‘ஓ பெண்ணே, தேங்காய் இருக்குமிடத்தை அறிவிப்பாயாக’ன்னு கேக்குறாரு. அந்தப் புள்ள சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள சோறு அடிபுடிச்சிருது.”

சாப்பாடு சஹனில் வரும். முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு அது. சஃபியாவின் ஊரிலும் அதே வழக்கமாம். எங்களைப் போலத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு எச்சில் என்றால் ஏழு தலைமுறையும் எழுந்து வந்து கையைப் பிடிக்கும். முதல் நாள் நான் சோற்றில் ஒரு வரப்புக் கட்டி, என் பங்கை ஓரமாகப் பிரித்துக்கொண்டேன். எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளைத் தாடிக்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்ன மகன் இது, காணி வழக்கா?”

அதுதான் எங்கள் முதல் பேச்சு. வரப்பு அன்றே உடைந்தது.

இன்னொரு சங்கடம் வாழைப்பழம். இறைச்சி போட்ட சோற்றோடு ஆளுக்கொரு பழம் வைப்பார்கள். சோற்றோடு கடித்துச் சாப்பிடுவதுதான் அவர்கள் முறை. நம் ஆட்களுக்குப் பழம் என்றால் சாப்பிட்ட பிறகு, அல்லது வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு. எல்லாரும் பவ்வியமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். சஃபியா மனம் நொந்து ஏதோ சொன்னாள். நானா எழுந்து நின்று சபைக்கு அறிவித்தார்: “நான் ஒரு பொம்பள, அடுப்படியில வெந்து சமைக்கிறேன். நான் பழம் தாறது சோத்தோட திங்க. கொண்டு போக இல்ல.” கண்டியிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் அவர் தாடியையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் பழத்தை உரித்தது.

சஃபியாவுக்கு இடுப்பு வலி வந்தபோது மருந்தெடுக்கக் கூட்டிப் போனதும் அவர்தான். “எனக்கு இடுப்பு நோகுது டொக்டர். குனிய ஏலாது,” என்றிருக்கிறார். டாக்டர் அவரையே கட்டிலில் ஏறிப் படுக்கச் சொல்லியிருக்கிறார். இவரும் படுத்திருக்கிறார். ஏன் நானா என்று கேட்டால், “டொக்டர் எனக்கிட்ட கேள்வி கேக்கல்லயே, படுக்கத்தானே சொன்னாரு. மொழிபெயர்க்கிறவன் உத்தரவ மீறப்படாது,” என்றார்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி மவுத்தாகிப் பல வருஷம். வீட்டில் பேச்சுத் துணை இல்லாத குறையை ஊருக்காகப் பேசித் தீர்க்கிறார் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

அப்போதுதான் முதலாளி ஸ்டோரைக் காலி பண்ணச் சொன்னார். கெட்டவர் இல்லை, பயந்த மனிதர். இவர்கள் அகதிகளே இல்லை, வாய்க்கு வந்த கதையைச் சொல்லிக் காசு சேர்க்கிறார்கள் என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். நாளைக்கு ஒன்று நடந்தால் இடம் கொடுத்த தன் பெயரும் கெடும் என்று நினைத்துவிட்டார். அந்த இடம் போனால் அந்தப் பெண்களின் அடுப்பும் போய்விடும். மல்லிகா அக்கா அவரிடம், “நீங்களே வந்து கேளுங்க முதலாளி. கேட்டுட்டு முடிவு சொல்லுங்க,” என்றார்.

ஒரு சனிக்கிழமை சாப்பாடு முடிந்த கையோடு முதலாளி வந்து கதிரையில் உட்கார்ந்தார். சஃபியா எதிரே நின்றாள். கோட்டு நானா எழுந்து, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டார்.

“ஊர விட்டு ஏன் வந்தீங்க?”

“சண்ட. என்ட புருஷன கடைக்குள்ள வெச்சுச் சுட்டாங்க,” என்றார் நானா. அன்று யாரும் அவர் தாடியைப் பார்க்கவில்லை.

“புள்ளைங்க எத்தன?”

“மூணு.”

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். “இங்க ஓடித் திரியிறது ரெண்டுதானே? இதத்தான் நானும் கேள்விப்பட்டேன். வாயத் தொறந்தா பொய்.”

மல்லிகா அக்கா ஏதோ சொல்ல வந்தார். நானா கையைக் காட்டி நிறுத்தினார். சஃபியாவிடம் திரும்பி, அந்தக் கிதாபு அரபில் மெதுவாகக் கேட்டார். அவள் சிரிக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் பார்த்தபடி நெடுநேரம் பேசினாள். வாக்கியத்துக்கு வாக்கியம் வெட்டிச் சொல்லும் மனிதர், அன்று அவள் முடிக்கும்வரை காத்து நின்றார்.

“யெமனுக்கு போட்டுல வந்தோம். கர கண்ணுக்குத் தெரிஞ்சிச்சு. போட்டுக்காரங்க கிட்ட வரப் பயந்து, கடல்லயே எறங்கச் சொன்னாங்க. எறங்காதவங்கள தள்ளினாங்க. தண்ணி என்ட கழுத்துக்கு இருந்திச்சு. சின்னது ரெண்டையும் ரெண்டு கையால தூக்கிப் புடிச்சேன். மூத்தவன்கிட்ட, உம்மாட உடுப்ப விட்டுடாதண்டு சொன்னேன். கரைக்கு வந்து திரும்பிப் பாத்தேன்.”

நானா கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

“பொறகு?” என்றார் முதலாளி.

“பொறகு ஒண்டுமில்ல. எனக்கு ரெண்டு கைதான் இருந்திச்சு,” என்றார் நானா. “ஆனா, யாரு கேட்டாலும் நான் மூணுண்டுதான் சொல்லுவேன்.”

முதலாளி மல்லிகா அக்காவைப் பார்த்தார். “அந்தப் புள்ள இப்புடித்தான் சொன்னிச்சா?”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். “ஒரு வார்த்த கூடவும் இல்லீங்க, கொறையவும் இல்லீங்க.”

முதலாளி எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த கதிரையைச் சஃபியாவின் பக்கம் நகர்த்தி வைத்தார். போய்விட்டார். ஸ்டோரைக் காலி பண்ணும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. அடுத்த சனிக்கிழமை குடும்பத்தோடு சாப்பிட வந்தவர், வாழைப்பழத்தைப் பைக்குள் போட்டு மகளிடம் திட்டு வாங்கினார்.

நானாவைத்தான் காணவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்தவர் மெலிந்திருந்தார். எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுத் தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.

“கோட்டுல, நான்தான் கொல செஞ்சேண்டு சொல்லிட்டு வந்தும் நல்லா சாப்பிட்டு நித்திர கொள்ளுவேன் மகன். கோட்டு வாசல தாண்டினா என்ட வாயில ஒண்டும் மிஞ்சாது. இது மிஞ்சிப் போச்சு.”

இத்தனை நாள் அவரைப் பார்த்துச் சிரித்ததும் அவர் மேல் வைத்திருந்த அன்பும் ஒன்றுதான் என்பது மட்டும் அங்கே உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது.

பிறகு வரத் தொடங்கினார். மொழிபெயர்ப்பதில்லை. “சஃபியா இப்ப தமிழ் பேசுது. அதுவே சொல்லட்டும்,” என்று சொல்லிவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து சஹனில் உட்கார்ந்துகொள்வார். போன மாதம் எங்கள் சஹனில் நாவுலயிலிருந்து வந்த மரக்கறி வியாபாரி ஒருவர் இருந்தார். எங்களில் யாரையும் அறியாதவர். சோறு வரும்வரை பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று நானாவைப் பார்த்துக் கேட்டார்.

“ஐயாவுக்குப் புள்ளைங்க எத்தன?”

“மூணு,” என்றார் நானா.

வியாபாரி சந்தோஷமாகத் தலையாட்டினார். சோறு வந்ததும் நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து எடுத்து, நானாவின் பக்கம் வைத்தேன்.